விடுப்புக்கான காரணம்

ஒரகடத்தில் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றின் டெஸ்பாட்ச் அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி தினமும் காலை எட்டரை மணிக்குக் கடலைப் பார்க்கிறாள். கடல் இருப்பது அவளுடைய கணினியில். கடவுச்சொல் அடிப்பதற்கு முன்னால் திரை முழுக்க ஒரு படம் வருமே, அதில். ஒருநாள் பனிமலை, ஒருநாள் கிரேக்கத் தீவின் வெள்ளை வீடுகள், ஒருநாள் பச்சைத் தண்ணீரின் மேல் கால் ஊன்றி நிற்கும் மரக்குடில்கள். படத்தின் ஓரத்தில், இது உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று ஒரு கேள்வியும் இருக்கும். பிடித்திருக்கிறது என்று அழுத்திவிட்டுத்தான் கடவுச்சொல் அடிப்பாளாம். "காலையில இருந்து ராத்திரி வரைக்கும் எனக்குப் புடிச்சிருக்கான்னு கேக்கறது அது ஒண்ணுதாம்மா" என்றாள். தமிழ்த்துறை மாணவிகள் எங்களை 'மேடம்' என்பதில்லை, அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். படிப்பு முடிந்து ஆறு வருடம் ஆகியும் அது மாறவில்லை.

கடல் மறைந்ததும் இன்வாய்ஸ், இ-வே பில், கேட் பாஸ். ஜன்னலுக்கு வெளியே லாரிக்காரர்கள் தட்டிக்கொண்டே இருப்பார்கள். எந்தப் பெட்டி எந்த வண்டியில் எத்தனை மணிக்குப் புனேவுக்குப் போனது, எது ஹரியானாவுக்குப் போனது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். இத்தனை ஊருக்குச் சரக்கு அனுப்பும் பெண், மேற்கே வேலூரையும் தெற்கே மேல்மருவத்தூரையும் தாண்டிப் போனதில்லை. பிறந்தது செய்யாறு பக்கம். எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு பி.எட். சேரப் பணமில்லாமல், தட்டச்சும் கொஞ்சம் கணக்கும் தெரியும் என்பதால் இந்த வேலைக்கு வந்தாள். சம்பளம் கைக்கு வருவது 16,000 ரூபாய்.

அவள் போக ஆசைப்படும் இடம் மாலத்தீவு. சும்மா ஆசையில்லை. கைபேசியில் தனியாக ஒரு போல்டர் வைத்திருக்கிறாள். எந்தத் தீவுக்கு விமானநிலையத்திலிருந்து படகு, எந்தத் தீவுக்குக் கடல்விமானம், எந்த மாதத்தில் விலை இறங்கும் என்று என்னைவிடப் பல மடங்கு விவரம் தெரிந்து பேசுகிறாள். அங்கே முதல் ரிசார்ட் 1972-இல் குரும்பா என்ற பெயரில் தொடங்கியது என்றும், பெரும்பாலும் ஒரு தீவு முழுக்க ஒரே ரிசார்ட்டுக்குத்தான் என்றும் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தண்ணீருக்கு மேல் நிற்கும் வில்லாவில் அவள் குறித்துவைத்திருக்கும் அறைக்கு ஒரு இரவுக்கு 60,000 ரூபாய். மூன்றே முக்கால் மாதச் சம்பளம்.

அங்கே போய் என்ன செய்வாய் என்று கேட்டேன். கடலில் இறங்குவேன், படம் எடுப்பேன் என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவள் சொன்ன வரிசை இது. முதலில் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவாள். பாத்ரூமில் முக்கால் மணி நேரம் குளிப்பாள், வெளியிலிருந்து யாரும் 'சீக்கிரம்' என்று தட்ட மாட்டார்கள். ஈரத்துண்டை அப்படியே கட்டிலின்மேல் போடுவாள். சாப்பாடு தானாக வரும், நாளைக்கு என்ன குழம்பு என்று இன்றைக்கு ராத்திரியே யோசிக்க வேண்டாம். சாப்பிட்டுவிட்டுத் தூங்குவாள். எழுந்து மறுபடி தூங்குவாள். "கடலு?" என்றேன். "அது பாட்டுக்கு வெளிய இருக்கட்டும்மா."

சுங்குவார்சத்திரத்தில் ஒரு லைன் வீட்டில் மூன்று பேராக அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். நான்கு அறைகளுக்கு ஒரு குளியலறை, இரண்டு கழிப்பறை. பதினோரு பெண்கள். மூன்று ஷிஃப்டிலும் வேலைக்குப் போகிறவர்கள் இருப்பதால் எந்நேரமும் யாரோ ஒருத்தி தூங்கிக்கொண்டிருப்பாள், யாரோ ஒருத்தி வாளியோடு காத்திருப்பாள். மாலத்தீவு எங்கிருந்து தொடங்குகிறது என்பது அந்த வரிசையில் ஐந்து நிமிடம் நின்றால் தெரிந்துவிடும்.

நான் காஞ்சிபுரம் பக்கம் ஒரு கல்லூரிக்குப் போய்வர இந்தச் சாலையை இருபது வருடமாகப் பயன்படுத்துகிறேன். ஸ்ரீபெரும்புதூர் என்றால் ராமானுஜர் பிறந்த ஊர், பிறகு 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஊர் என்றிருந்தது, என் கண்ணெதிரேதான் கைபேசியும் காரும் செய்கிற ஊரானது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் அதற்கும் முன்னாலேயே வந்துவிட்டது. 2006-இல் நோக்கியா வந்தபோது எங்கள் கல்லூரியிலிருந்து படிப்பைப் பாதியில் விட்டுப் போன பெண்கள் உண்டு. 2014 நவம்பரில் அது மூடியபோது அவர்களில் சிலர் கைக்குழந்தையோடு வந்து, "மறுபடி சேர்ந்து படிக்கலாமாம்மா" என்று கேட்டார்கள். ஒரகடத்தில் நிஸான், பென்ஸ் லாரி, புல்லட் என்று ஒவ்வொன்றாக வந்தன. விடியற்காலை ஐந்தரைக்கு கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும். கண்ணாடியில் தலை சாய்த்து வாய் திறந்தபடி தூங்கும் பெண்கள், பஸ் குலுங்கும்போது தலை இடிபட்டும் விழிக்காதவர்கள். பெண்கள் இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் பொது இடத்தில் தூங்குவதை இந்தச் சாலை தவிர வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

அந்தத் தூக்கத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. வருகைப் படி, அவர்கள் மொழியில் அட்டெண்டன்ஸ் போனஸ். மாதம் முழுக்க ஒருநாள்கூட விடாமல் வந்தால் சம்பளத்தோடு 1,500 ரூபாய் சேரும். ஒருநாள் விட்டால் அந்த நாளின் கூலியும் போகும், மொத்தப் படியும் போகும். 16,000 வாங்குகிறவளுக்கு ஒருநாள் கூலி ஐந்நூற்றுச் சொச்சம்தான், ஆனால் அந்த ஒருநாள் லீவுக்கு அவள் கொடுப்பது இரண்டாயிரத்துக்கு மேல். மாதவிடாயின் முதல்நாள் மாத்திரை போட்டுக்கொண்டு வருவதும், காய்ச்சலோடு வந்து கேன்டீனில் கஞ்சி கேட்பதும் இதனால்தான். போனஸ் என்று பெயர் வைத்ததால் அது அபராதம் மாதிரித் தெரிவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று மாணவிகள் கேட்பார்கள். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 79-ஆம் பிரிவு. ஒரு வருடத்தில் 240 நாள் வேலை செய்தவருக்கு, இருபது நாளுக்கு ஒருநாள் என்ற கணக்கில் சம்பளத்தோடு விடுப்பு. அதாவது அடுத்த வருடத்தில் குறைந்தது 12 நாள். 2020-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய புதிய தொகுப்புச் சட்டம் 240-ஐ 180 ஆக்கியது, நல்லதுதான். ஆனால் பதினோரு மாதத்துக்கு ஒருமுறை காண்ட்ராக்டர் பெயர் மாறி, பழைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு புதிய அட்டை கொடுக்கப்பட்டால் அந்த நாட்கள் யார் கணக்கில் ஏறும்? என் மாணவியிடம் ஆறு வருடத்தில் நான்கு அட்டைகள் இருந்திருக்கின்றன. மேசை அதே மேசை, ஜன்னலைத் தட்டும் லாரிக்காரரும் அதே ஆள்.

2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறியபோது, அதற்குச் சொல்லப்பட்ட சமாதானங்களில் ஒன்று நான்கு நாள் வேலை, மூன்று நாள் விடுமுறை என்பது. மூன்று நாளே நிறுத்திவைத்தார்கள், மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அந்த வாரத்தில் லைன் வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கேட்டேன். "மூணு நாள் லீவுன்னா ஊருக்கு வா, அறுப்பு இருக்குன்னு எங்கப்பா சொல்லுவாரும்மா" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "பன்னண்டு மணி நேரம் நின்னா முதல் நாளு காலு, ரெண்டாம் நாளு துணி, மூணாம் நாளு தலைக்கு எண்ணெய். லீவு எங்க?" என்றாள். பெண்களுக்கு விடுமுறை என்பது வேறு வேலைக்கு மாறுகிற நாள் என்பதை எந்தச் சட்டமும் கணக்கில் எடுத்ததில்லை.

இப்போது அந்த மாலத்தீவுப் பட்டியலுக்கு வருகிறேன். கட்டில், கதவு, குளியலறை, நல்ல சாப்பாடு, தூக்கம். இதே பட்டியலை நான் முன்பே ஓரிடத்தில் கேட்டிருக்கிறேன். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லி பக்கத்து விடுதியில் உணவு நஞ்சாகி, 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சேர்ந்தவர்களைப் பற்றிச் சரியான தகவல் கிடைக்காமல், இறந்துவிட்டார்கள் என்று வதந்தி பரவ, பெண்கள் ஆயிரக்கணக்கில் வந்து சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் கல்லூரிப் பேருந்தும் அன்று சுற்றிக்கொண்டுதான் போனது. அதன்பிறகுதான் விடுதிகளின் நிலைமை செய்தியாயிற்று. ஒரே அறையில் முப்பது பேர் வரை, தரையில் படுக்கை, தண்ணீர் வராத கழிப்பறை. ஆலை மூடப்பட்டு ஜனவரி 12 அன்றுதான் மறுபடி திறந்தது. படுக்கை வேண்டும், கழிப்பறையில் தண்ணீர் வேண்டும், சாப்பிடத் தகுந்த சாப்பாடு வேண்டும் என்று நெடுஞ்சாலையில் உட்கார்ந்து கேட்டால் அது போராட்டம். அதையே கைபேசியில் ஒரு போல்டரில் சேர்த்து வைத்தால் ஆடம்பரக் கனவு. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

இதை நான் ஒரு கூட்டத்தில் சொன்னபோது, நான் மதிக்கிற தோழர் ஒருவர் எழுந்து, "அம்மா, இது நுகர்வு மோகம். ரிசார்ட் விளம்பரம் செய்கிற வேலையை நாமே செய்யக்கூடாது" என்றார். விளம்பரம் இருக்கிறது, மறுக்கவில்லை. அந்தப் பச்சைத் தண்ணீர்ப் படத்தை அவள் கணினிக்குள் அனுப்பியது யார் என்று எனக்கும் தெரியும். ஆனால் ஓய்வு கேட்பது உழைப்பாளி அரசியலுக்கு வெளியே இருக்கிற விஷயம் என்று எப்போது முடிவானது? பிரான்ஸில் 1936-இல் ஆலைகளை ஆக்கிரமித்து நடந்த வேலைநிறுத்தங்களின் முடிவில் கிடைத்ததில் முக்கியமானது சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை. அந்தக் கோடையில் சலுகை ரயில் சீட்டு வாங்கிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாகக் கடலைப் பார்த்த தொழிலாளிக் குடும்பங்கள் எத்தனையோ. அவர்களை யாரும் மோகம் பிடித்தவர்கள் என்று எழுதிவைக்கவில்லை. அது வரலாற்றுப் புத்தகத்தில் வெற்றி என்றுதான் இருக்கிறது.

நம் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. ரொக்கையா சகாவத் உசேன் எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905-இல் முதலில் அச்சானது சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில். வங்கத்துப் பெண் ஆங்கிலத்தில் எழுதி, மதராஸில் வெளிவந்த கனவு. சாய்வுநாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தி, பெண்கள் தைரியமாகத் தெருவில் நடக்கிற நாட்டுக்குப் போய்வருகிறாள். அங்கே ஆண்கள்தான் வீட்டுக்குள். இந்தக் கதையைச் சொல்லும்போது வகுப்பில் எல்லோரும் அந்தத் தலைகீழ் மாற்றத்துக்குத்தான் சிரிப்பார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது அலுவலக நேரம். அந்த நாட்டுப் பெண்கள் அலுவலக வேலையை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். ஆண்கள் ஏழு மணி நேரம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், பெரும்பாலான நேரம் புகைபிடித்ததாம். ஒரகடத்துப் பெண்ணிடம் இந்தப் பகுதியைச் சொன்னேன். "எங்க ஸ்டோர்ஸ்ல வந்து பாத்துட்டுப் போய் எழுதின மாதிரி இருக்கு" என்றாள்.

பணம், விடுப்பு இரண்டும் கிடைத்துவிட்டால் போய்விட முடியுமா? அவள் அக்காவிடம் ஒருமுறை மாலத்தீவைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். அக்கா செலவைக் கேட்கவில்லை. "தனியாவா?" என்றுதான் கேட்டிருக்கிறாள். அம்மாவிடம் போனபோது, "கல்யாணம் ஆகட்டும், அவரு கூட்டிட்டுப் போவாரு" என்று வந்துவிட்டது. யார் அவர் என்று இன்னும் யாருக்கும் தெரியாது, ஜாதகம் மட்டும் வெளியே போயிருக்கிறது. அதற்குள் கடலும் விமானமும் அவருடைய பொறுப்பாகிவிட்டன.

சங்க இலக்கியம் நடத்துகிறவளுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பழந்தமிழில் செலவு என்றால் பயணம். அகத்திணையில் அது தலைவனுக்கு உரியது. பொருள் தேடிப் போவான், போக நினைத்துத் தயங்கி நின்றுவிட்டால் அந்தத் தயக்கத்துக்கும் 'செலவழுங்கல்' என்று ஒரு துறை உண்டு. தலைவிக்கு இருப்பது இருத்தல். வீட்டார் சந்தேகப்பட்டால் இற்செறிப்பு. அவள் வீட்டைவிட்டுக் கிளம்புகிற ஒரே பெரும் பயணம் உடன்போக்கு, பெயரிலேயே 'உடன்' இருக்கிறது. கடல்கடக்கும் பயணம் பெண்ணோடு இல்லை என்று தொல்காப்பியப் பொருளதிகாரத்திலேயே நூற்பா உண்டு. முந்நீர் என்ற சொல்லுக்கு உரைகாரர்கள் வேறு வேறு பொருள் சொல்வார்கள், அந்தச் சண்டை இங்கே வேண்டாம். தேனிலவுக்கு அழைத்துப் போவார் என்று செய்யாறு பக்கத்து அம்மா சொல்கிற வாக்கியத்தை நான் உடன்போக்குத் துறையில்தான் சேர்ப்பேன். பிற்காலத்தில் செலவு என்ற சொல் பயணத்தை விட்டுப் பணத்துக்குப் போய்விட்டது. பெண்ணுக்கு அந்தச் சொல் கைக்கு வந்ததே அதற்குப் பிறகுதான், மளிகைக் கணக்கு எழுதுவதற்கு.

இற்செறிப்பு என்ற சொல்லை 2024-இல் மறுபடி நினைத்துக்கொண்டேன். அந்த வருடம் ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய பணிமகளிர் விடுதியை முதலமைச்சர் திறந்துவைத்தார். 706.50 கோடி ரூபாய், பதின்மூன்று கட்டடங்கள், 18,720 படுக்கைகள், அறைக்கு ஆறு பேர். ஃபாக்ஸ்கான் தலைவரே வந்திருந்தார். குறை சொல்லத் தோன்றவில்லை. நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பெண்கள் வாங்கிக்கொடுத்த கட்டில்கள் அவை என்றுதான் நினைத்துக்கொண்டேன். தரையில் படுத்தவளுக்குக் கட்டில் கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் அந்தக் கட்டில்களைக் கணக்கெடுத்தபோது யாருக்கும் தோன்றாத கேள்வி ஒன்று இருக்கிறது. விடுதியிலிருந்து ஆலைக்கு பஸ், ஆலையிலிருந்து விடுதிக்கு பஸ். இரண்டுக்கும் நடுவில் அவள் எங்கே போகலாம்? பொதுவாகவே இந்தப் பகுதியில் பெண்கள் விடுதி என்றால் வெளியே போகப் பதிவேட்டில் கையெழுத்து, எங்கே, எதற்கு, எத்தனை மணிக்குத் திரும்புவாய், சில இடங்களில் வார்டன் வீட்டுக்கே போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்வார். சொகுசு விடுதிக்கும் பணிமகளிர் விடுதிக்கும் தமிழில் ஒரே சொல். விடு என்ற வேர்தான் இரண்டிலும். முதலாவதில் பதிவேட்டில் எழுதியதும் சாவி கையில் கொடுப்பார்கள்.

இந்த வேலையே சில வருடங்களுக்குத்தான். திருமணமான பெண்களை ஐபோன் தயாரிக்கும் வேலைக்கு எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட புலனாய்வு பெரிய விவாதமானது, ஒன்றிய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. சுங்குவார்சத்திரத்தில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு யாரும் திடுக்கிடவில்லை. பதினெட்டு வயதில் வந்து, தாலி ஏறும்போது கிளம்ப வேண்டிய வேலை என்று தெரிந்துதான் வருகிறார்கள். சொந்தக் காசு கையில் இருக்கிற வருடங்கள் மொத்தமே ஐந்தோ ஆறோ. அவற்றில் ஒவ்வொரு நாளும் முழு வருகை.

என் மாணவியோடு தங்கியிருக்கும் இரண்டு பேரில் ஒருத்தி கைபேசி லைனில் நிற்கிறாள். மற்றவள் ஸ்ரீபெரும்புதூரில் வெளிநாட்டுப் பொறியாளர்கள் மாதக்கணக்கில் தங்கும் சர்வீஸ் அபார்ட்மென்ட் ஒன்றில் ஹவுஸ்கீப்பிங். சொகுசு பற்றி அந்த அறையில் உண்மையாகத் தெரிந்தவள் அவள்தான். விரிப்பை எத்தனை விரல் அகலத்துக்கு மெத்தைக்கடியில் செருக வேண்டும், துண்டை எப்படி மடித்தால் ஓரம் தெரியாது, ஒரு அறைக்கு அரை மணி நேரத்துக்குமேல் ஆனால் சூப்பர்வைசர் என்ன சொல்வார் என்றெல்லாம் சொன்னாள். கொரியர்கள், ஜப்பானியர்கள், அறையைச் சுத்தமாகத்தான் வைத்திருப்பார்களாம். ஒருநாளாவது அந்த மெத்தையில் படுத்துப் பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். "எப்படிம்மா? உக்காந்தாலே கோடு வுழுந்துரும். கேமரா இல்ல, ஆனா அந்த விரிப்பு காட்டிக் குடுத்துரும்."

மாலத்தீவுக் குடிலிலும் ஈரத்துண்டைக் கட்டிலிலிருந்து எடுக்க யாரோ வர வேண்டுமே என்று நான் இழுத்தேன். அங்கே ரிசார்ட்டுகளில் வேலை செய்கிற உள்ளூர்க்காரர்களில் பெண்கள் மிகக் குறைவு. மகளைத் தனியாக இன்னொரு தீவில் தங்கி வேலை செய்ய அனுப்பக் குடும்பங்கள் தயங்குகின்றன. வேலைக்கு வருகிறவர்களில் பலர் வங்கதேசத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் போன ஆண்கள். இதைச் சொன்னதும் மாணவி கொஞ்ச நேரம் பேசவில்லை. ஹவுஸ்கீப்பிங் பெண்தான் பேசினாள். "அப்ப நல்லதுதான. ஒரு ஆம்பள வந்து நான் போட்ட துண்ட எடுத்து மடிச்சு வெக்கட்டும். ஒரு நாளைக்கு." மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையில் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கியவள் சுவரைத் தட்டினாள்.

இவர்களை மட்டும் எழுதிவிட்டு நான் தப்பித்துக்கொள்ள முடியாது. எனக்கும் ஒரு மாலத்தீவு இருந்தது, அதன் பெயர் புத்தொளிப் பயிற்சி. கல்லூரி ஆசிரியர்கள் பதவி உயர்வுக்காக 21 நாள் ஒரு பல்கலைக்கழகத்தில் தங்கிப் படிக்க வேண்டிய கட்டாயம். பையனுக்கு அப்போது ஆறு வயது. காலையில் ஏழு மணிக்கு விருந்தினர் விடுதியின் சாப்பாட்டு அறையில் யாரோ போட்ட காபி, யாரோ சுட்ட இட்லி. எங்கள் அணியில் பதினான்கு பெண்கள். அரசு ஆணை வந்ததால் வந்தோம், வேறுவழியில்லை என்று எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்திறங்கினோம். மூன்றாம் நாள் எல்லோர் முகமும் தெளிந்துவிட்டது. நாகர்கோவில்காரப் பேராசிரியர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டுக்கு வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று கதவைத் தட்டினால், "இருபத்தெட்டு வருசத்துக்கு அப்பறம் ஒம்பது மணி வரைக்கும் தூங்கறேன், எழுப்பாதீங்க" என்று உள்ளிருந்தே குரல் வந்தது. அவரவர் கைபேசியில் மட்டும் வீடு விடாமல் துரத்தியது. மிளகாய்த்தூள் டப்பா எங்கே, கேஸ் புக் எந்த அலமாரியில், பையனுடைய வெள்ளைச் சாக்ஸ் ஒன்றுதான் இருக்கிறது. படித்த பெண்கள் கருத்தரங்கத்துக்கு ஏன் இவ்வளவு ஆர்வமாகப் போகிறார்கள் என்று ஆண் பேராசிரியர்கள் கிண்டல் செய்வதுண்டு. இரண்டு நாள் கருத்தரங்கம் என்றால் ஒரு இரவு தனி அறை. கட்டுரை எழுதுவது அதற்குக் கொடுக்கிற வாடகை.

எங்களுக்கு ஆணை என்று ஒரு காகிதம் இருக்கிறது. அவர்களுக்கு இருப்பது லீவு லெட்டர். அதில் பெயர், எம்ப்ளாயி நம்பர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, பிறகு 'காரணம்' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்துக்கென்று இந்தச் சாலை முழுக்க ஒரு இலக்கியமே இருக்கிறது. காய்ச்சல் என்றால் மருத்துவச் சீட்டு கேட்பார்கள். கூழ் வார்த்தல் ஆடியில் மட்டும் செல்லுபடியாகும். அக்கா கல்யாணம் ஒருமுறைதான் எழுதலாம். பாட்டி இரண்டு பேர்தான், அதனால் இரண்டு முறை. ஒருத்தி பாட்டியின் தங்கை வரை போய்விட்டாள். ஆண்கள் எழுதுவது வேறு, சொந்த வேலை என்று இரண்டு சொல் போதும், கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். பெண் சொந்த வேலை என்று எழுதினால், "என்னம்மா சொந்த வேலை?" என்று எதிர்க்கேள்வி வரும், பக்கத்து மேசைகள் திரும்பிப் பார்க்கும். ஓய்வு என்று எழுதிய லீவு லெட்டர் ஒன்றைக்கூட இந்த ஆறு வருடத்தில் தான் பார்த்ததில்லை என்கிறாள் என் மாணவி. ஹெச்.ஆர். கோப்புகளை அடுக்குவதும் சில மாதங்கள் அவள் வேலையாக இருந்தது.

போன தை மாதம் பொங்கல் முடிந்த வாரத்தில் மூன்று பேரும் ஆளுக்கு ஒருநாள் லீவு போட்டு, வாரவிடுமுறையோடு சேர்த்துக்கொண்டார்கள். மூவருக்கும் வாரவிடுமுறை ஒரே நாளில் விழ இரண்டு மாதம் காத்திருந்தார்களாம். கைபேசி லைனில் நிற்பவள் காய்ச்சல் என்று போட்டாள். ஹவுஸ்கீப்பிங் பெண் சித்தப்பா மகள் சடங்கு என்று போட்டாள். என் மாணவி அந்தக் கட்டத்தில் சொந்த வேலை என்று எழுதினாள். என்ன வேலை என்று மேலாளர் கேட்டதற்கு, "சொந்த வேலை சார்" என்றே மறுபடி சொன்னாளாம். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்த மாதத்து 1,500 போயிற்று. வீட்டுக்கு என்ன சொன்னார்கள் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை, இந்தப் புத்தகம் யார் கையில் கிடைக்குமோ.

போன இடம் மாமல்லபுரம். ஒரகடத்திலிருந்து செங்கல்பட்டு வழியாக ஏறக்குறைய 60 கிலோமீட்டர். கட்டணமில்லாத சாதாரண நகரப் பேருந்து கிடைத்த தூரம் வரை அதிலேயே போய், மிச்சத்துக்கு மட்டும் டிக்கெட் எடுத்திருக்கிறார்கள். 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு இலவசம் என்றாலும் கம்பெனி பஸ்ஸில் போய் கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்களுக்கு அதில் ஏறவே வாய்ப்பு இருந்ததில்லை. கடலுக்கு எதிரே இருக்கும் ரிசார்ட்டுகளின் வாசலில் நின்று படம் மட்டும் எடுத்துக்கொண்டு, உள்தெருவில் ஒரு லாட்ஜில் ஏ.சி. அறை கேட்டிருக்கிறார்கள். ஆதார் அட்டையைப் புரட்டிப் பார்த்த ஆள், "கூட ஆம்பளைங்க யாரும் வரலையா?" என்று கேட்டிருக்கிறான். வரவில்லை என்று சொல்லிவிட்டு மூவரும் அப்படியே நின்றிருக்கிறார்கள். அவன் யாருக்கோ போன் செய்து கேட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்திருக்கிறான். 2,200 ரூபாய்.

திங்கட்கிழமை எனக்குப் போன் செய்தாள். அர்ச்சுனன் தபசு பார்த்தீர்களா, கடற்கரைக் கோயில் பார்த்தீர்களா என்று நான் ஆசிரியை புத்தியோடு அடுக்கினேன்.

"இல்லம்மா. ஏ.சி.யப் போட்டுட்டுப் படுத்தோம். செக் அவுட் பன்னண்டு மணின்னு பதினொண்ணே முக்காலுக்கு அந்த ஆளு வந்து கதவத் தட்டறான். அதுக்கு முன்னாடி ஒருத்தி ஒரு மணி நேரம் குளிச்சா."

"யாரு?"

"ஹவுஸ்கீப்பிங்குதான். குளிச்சு முடிச்சதும் கட்டில ஒழுங்கா விரிச்சுட்டு வந்தா. நாங்க ரெண்டு பேரும் அதப் புடிச்சு மறுபடியும் கலைச்சுவுட்டோம்."